மேட்சுக்கு யார் பணம் கட்டுவது?

எங்கள் வீட்டுக்குக் கிரிக்கெட் முதலில் காது வழியாகத்தான் வந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கும் வீடுகளில் வேறு வழியும் கிடையாது. குழியில் கால் விட்டு உட்கார்ந்தவருக்குக் கால் மிதியில், கை நாடாவில், கண் ஜரிகையில். மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால், சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை உண்டு. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி என்று குரலை வைத்தே ஆளைச் சொல்லுவார் அப்பா. 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி என்ற கண்ணாடி போட்ட பையன், ஆடிய முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீசின் 16 விக்கெட்டுகளை எடுத்தபோது நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். விக்கெட் விழுந்தால் எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் நிற்கும். அடுத்த வீட்டிலும் நிற்கும். தெருவே ஒரு நொடி ஊமையாகும், பிறகு மறுபடி தடக் தடக்.

அதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை. பேட்டரிக் கட்டைக்குக் கொடுத்ததோடு சரி. மேட்சுக்குப் பணம் கட்டுவது என்ற எண்ணமே அப்பாவுக்கு இன்றுவரை பிடிபடாததற்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

டிவி வந்தது முதலாளி வீட்டுக்கு. முதலாளி என்றால் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி தருபவர். சென்னைத் தூர்தர்ஷனை எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு இப்பால் பிடிக்க மொட்டைமாடியில் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். காற்றடித்தால் ஒருவன் மேலே ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவன் கீழிருந்து கத்த வேண்டும். 1987 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்ற மேட்சை அந்தக் கூடத்துத் தரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். பார்க்க எல்லாரையும் விடுவார்கள், காசும் கிடையாது. ஆனால் ஓவர் இடைவெளியில் முதலாளி திரும்பி, யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்து, “உன் சேலை எப்பப்பா அறுக்கிற?” என்று கேட்பார். முன்பணம் வாங்கிவிட்டுச் சேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பயந்து வாசல் தூணோரமே நின்று பார்ப்பார்கள். இலவசமாகக் கிடைத்த அந்த ஒளிபரப்புக்கு அதுதான் கட்டணம். அப்பா ஒருமுறைகூட உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

பிறகு கறுப்பு ஒயர் வந்தது. வீடியோ டெக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஓர் அண்ணன், வீட்டு மாடியில் பெரிய குடை கவிழ்த்த மாதிரி ஒரு தட்டை வைத்து, தெருத் தெருவாக ஒயர் இழுத்தார். முருங்கை மரம், மின்கம்பம், யார் வீட்டு ஜன்னல் கம்பி என்றெல்லாம் பார்க்கவில்லை. அதிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள், தலைக்குமேல் தொங்கும் ஒயரை மூங்கிலால் தூக்கிக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கினோம். அதில் எட்டுச் சேனல்தான் பிடிக்கும். அண்ணனே வந்து திருகி விளையாட்டுச் சேனலை ஆறாம் எண்ணில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் மேலே பெரிய சண்டை ஒன்று நடந்தது. 1993 ஹீரோ கோப்பையின் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனமான டிடபிள்யூஐக்கு விற்க, தூர்தர்ஷன் ஒப்புக்கொள்ளாமல், விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: வான அலைகள் பொதுச் சொத்து, அதில் அரசாங்கமே ஏகபோகம் கொண்டாட முடியாது. சட்டம் படித்தவர்கள் அதைக் கருத்துரிமைத் தீர்ப்பு என்பார்கள். கிரிக்கெட் பார்க்கிறவன் பக்கமிருந்து சொன்னால், மேட்சுக்குச் சந்தை விலை என்று ஒன்று சட்டப்படி பிறந்த நாள் அது. அந்த ஹீரோ கோப்பையில்தான் அரையிறுதியின் கடைசி ஓவரைச் சச்சின் வீசித் தென்னாப்பிரிக்காவுக்கு மூன்றே ரன் கொடுத்தார், இறுதியில் கும்ப்ளே 12 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். நவம்பர் மாதம், அடைமழை. மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேலை ஓடாது. கூலி இல்லாத நாளில்தான் நெசவாளி மேட்சை முழுசாகப் பார்க்கிறான் என்பது எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு.

கேபிள் அண்ணனிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. மாதம் பிறந்தால் சைக்கிளில் வருவார். ஆனால் எங்கள் வீடுகளில் மாதம் பிறப்பதற்கும் பணம் வருவதற்கும் சம்பந்தமில்லை. சேலை அறுத்தால்தான் கூலி. உடலையும் கரையையும் கோத்து நெய்கிற கோர்வைச் சேலை என்றால், கூட உட்கார்ந்து கரைநாடா தட்ட ஆள் கிடைக்க வேண்டும், பதினைந்து இருபது நாள்கூட இழுக்கும். “சேலை அறுத்ததும் வாங்கிக்கோ தம்பி” என்பார் அப்பா. “சரி பெரியப்பா” என்று நோட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார் அவர். ஒயரை அறுத்ததாக எனக்கு நினைவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் சேர்ந்து தீபாவளி முகூர்த்த விற்பனைக்குப் பிறகு தீர்ந்த வீடுகள் எங்கள் தெருவில் பல. சந்தாத் தொகை எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எப்போது கொடுத்தோம் என்பதுதான் நினைவிருக்கிறது.

அந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு ரகசியமும் இருந்தது. அன்றைய அனலாக் கேபிளில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு என்பது ஒயர் இழுத்தவருக்கு மட்டுமே தெரியும். நாடு முழுக்க ஆபரேட்டர்கள் நூறு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் வீட்டைத்தான் கணக்குக் காட்டுகிறார்கள் என்பது சேனல்காரர்களின் நிரந்தரப் புலம்பல். அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்களின் கடன் வாழ்ந்தது. நியாயமா என்று கேட்காதீர்கள். எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அதன் அருமை தெரிந்தது 2003இல். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சென்னையில் புது முறை. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இலவசச் சேனல்கள் மட்டும். மற்ற பெருநகரங்கள் நழுவிக்கொள்ள, சென்னை மட்டும் மாட்டிக்கொண்டது. சைதாப்பேட்டையில் இருந்த அத்தை வீட்டில் பாக்ஸ் வாங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் அந்த டிசம்பரில் நடந்ததோ தலைமுறைக்கு ஒருமுறை நடக்கிற தொடர். அடிலெய்டில் டிராவிட் 233 அடித்து, அகர்கர் 6 விக்கெட் எடுத்து ஜெயித்துக் கொடுத்ததை அத்தை மகன் மறுநாள் பேப்பரில் படித்தான். பட்டணத்துப் பையன், எங்களைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம் அவனுக்கு. அரையாண்டு லீவு விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் வந்துவிட்டான். மெல்போர்னில் சேவாக் 195 அடித்ததை எங்கள் வீட்டுத் தறிக்குழி ஓரத்தில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, விடியலில் எழுந்து பார்த்தான். “உங்க ஊர்ல எல்லாம் வருதுடா” என்று அவன் சொன்னதைக் கேட்டு அம்மா அன்றைக்கு ஒரு தோசை அதிகமாகப் போட்டார்.

மறு ஆண்டு பாகிஸ்தான் தொடர். டென் ஸ்போர்ட்ஸிடம் உரிமை, நாடே பார்க்க ஆசைப்பட்ட மேட்ச். மறுபடி உச்ச நீதிமன்றம். படத்தைத் தூர்தர்ஷனுக்கும் கொடு என்று உத்தரவு. முல்தானில் சேவாக் முந்நூறைத் தாண்டினதைக் கேபிள் இல்லாத வீடுகளும் பார்த்தன. இதையே 2007இல் சட்டமாக்கினார்கள்: தேச முக்கியத்துவம் உள்ள மேட்சின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும், விளம்பர வருமானத்தில் முக்கால் பங்கு உரிமைக்காரருக்கு. எனக்குத் தெரிந்து, நம் நாட்டில் விளையாட்டு ரசிகனுக்காகப் போட்ட சட்டம் இது ஒன்றுதான். பத்தே ஆண்டில் அதன் ஒரு கை முடங்கியது. பகிர்ந்த அந்தப் படத்தைக் கேபிள் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, ஆன்டெனாவிலும் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷிலும் மட்டும்தான் என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கேபிளுக்குப் பணம் கட்டுகிறவனுக்கு, கட்டாதவனுக்குக் கிடைக்கிற இலவச மேட்ச் கிடையாது. இதை அப்பாவுக்கு விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை. “அப்ப ஒயரைப் பிடுங்கிட்டு பழைய ஆன்டெனாவை மாட்டு” என்றார். கம்பத்தை எடைக்குப் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

நடுவில் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2006இல் கலைஞர் அரசின் இலவசக் கலர் டிவி, பதினாலு அங்குலம். தெருவில் பெட்டியில்லாத வீடே இல்லாமல் போய், கூட்டம் கூடிப் பார்ப்பது அதோடு குறைந்தது. 2008இல் ஐபிஎல், சென்னை அணியின் மஞ்சள் சட்டை. 2011இல் அரசு கேபிள், மாதம் 70 ரூபாய். கட்டணச் சேனல்கள் பல தொடக்கத்தில் அதில் இல்லை, பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் பேசுகிற மேட்ச், கண்ணைத் தறியில் வைத்துக்கொண்டே பின்தொடரக்கூடிய மேட்ச். அப்பா டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால்கூட அவருக்கு நட்டமில்லை.

நான் தறியில் உட்காரவில்லை. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பாதிக்கு மேல் உட்காரவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கம்பெனி பஸ் விடியலில் வந்து அள்ளிக்கொண்டு போய் இரவில் இறக்கிவிடும். ஷிப்டுக்காரனுக்குக் கேபிள் எதற்கு? வீட்டில் ஓடுகிற டிவி வீட்டில் இருப்பவருக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக்கியதும் மேட்ச் என் சட்டைப் பைக்கு வந்தது. பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டுகிறவரை ஒரு பத்து ஓவர் பார்க்கலாம். முன் சீட்டுக்காரர் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார், காதுக்குழாயில் ஒன்றை அவருக்குக் கொடுப்பேன். இரண்டு பேருக்குமேல் அதற்குக் கொள்ளளவு இல்லை.

2019 ஜூலை. தேர்ந்தெடுக்கும் சேனலுக்கு மட்டும் பணம் என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை பிப்ரவரியில்தான் வந்திருந்தது. தொகுப்பில் சேர்க்கிற சேனலுக்கு உச்ச விலை 19 ரூபாய். அப்பா விளையாட்டுச் சேனல் ஒன்றையும் பக்திச் சேனல்களையும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டியிருந்தார். ஊரிலோ, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வரும் அத்தி வரதர். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம். ஊருக்குள் வண்டி நுழைய முடியாது, கம்பெனி பஸ் வெளியிலேயே நின்றுவிடும், மீதி தூரம் நடைதான்.

ஜூலை 10 அன்று உலகக் கோப்பை அரையிறுதியின் மிச்சம். முந்தைய நாள் மழையால் நின்ற ஆட்டம். நியூசிலாந்து 239. நாங்கள் பஸ்ஸில் இருந்தபோதே இந்தியாவுக்கு 5 ரன்னுக்கு 3 விக்கெட், கொஞ்ச நேரத்தில் 24க்கு 4. பஸ்ஸை விட்டு இறங்கியபோது தோனியும் ஜடேஜாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட்வொர்க்கின் மேல் பழி சொல்ல முடியாது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தோடு நகர்ந்து சின்ன காஞ்சிபுரம் பக்கம் ஒரு டீக்கடை முன்னால் நின்றேன். கடைக்குள் உயரத்தில் ஒரு டிவி, கேபிள், துல்லியமான படம். நெற்றியில் திருமண், கையில் துளசி, தரிசனம் முடித்து வந்த பெரியவர் ஒருவர் பாய்லரைப் பிடிக்காத குறையாக முன்னால் நின்றார். அவரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ், டிவியிலும் தமிழ். ஜடேஜா 59 பந்தில் 77 அடித்து அவுட்டானபோதும் யாரும் நகரவில்லை. கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டு தோனி ரன் அவுட் ஆனதும் பெரியவர், “பெருமாளே” என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. தோல்வி 18 ரன்னில். டீக்கடைக்காரர் காசு வாங்க மறந்துபோனார், நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

அதே மேட்சை ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே சமயத்தில் இரண்டரைக் கோடிப் பேர் பார்த்தார்கள் என்று பின்னால் செய்தி வந்தது. அந்த எண்ணிக்கைதான் அடுத்த நான்கைந்து வருடத்தை முடிவு செய்தது. 2023 முதல் ஐந்து ஆண்டுக்கான ஐபிஎல் உரிமையை 48,390 கோடிக்கு ஏலம் விட்டபோது, இந்தியாவுக்கான டிவி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு, டிஜிட்டல் உரிமை வயாகாம்18க்கு. இணையத்தின் விலை டிவியின் விலையைத் தொட்டுவிட்டது. அந்த 2023இல் வயாகாம்18இன் ஜியோசினிமா ஐபிஎல்லை இலவசமாகவே கொடுத்தது. இறுதி ஆட்டம் மழையில் தள்ளிப்போய், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குமேல், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருக்க ஜடேஜா ஆறும் நாலும் அடித்தாரே, அன்றைக்குக் கேபிள் அண்ணன் பெட்டிக்கடை வாசலில் எங்களோடுதான் நின்றார். கையில் போன். ஓர் இளவட்டம் கேட்டுவிட்டான்: “இன்னாண்ணே, உன் கேபிள்ல வரலையா?” “வருதுடா. வீட்ல அவங்க தூங்கறாங்க” என்றார்.

இலவசம் என்பது தூண்டில் என்று அப்போதே சிலர் சொன்னார்கள், சொன்னது நடந்தது. 2024 நவம்பரில் டிஸ்னி ஸ்டார், வயாகாம்18 என்ற இரண்டு கம்பெனிகளும் இணைந்தன, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. போனில் மட்டும் பார்க்க மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று தொடங்கினார்கள். கணக்குப் போட்டால் கேபிளைவிட மலிவுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தனியாள், சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறவன், பஸ்ஸில் பாதி வாழ்க்கை கழிகிறவன் என்றால் கேபிளைக் கட்டிக்கொண்டு அழுவது வீண். ஆனால் அந்த 149, சேலை அறுக்கிற தேதியைக் கேட்பதில்லை. பணம் முதலில், மேட்ச் பிறகு. பவர்பிளேயில் சந்தா முடிந்தால் பவர்பிளேயில்தான் நிற்கும். ஒரு போனின் சந்தாவை ஒரு கூடத்துக்கே பிரித்துக்கொடுக்கவும் முடியாது. தறி வீட்டில் அப்பா, கரைநாடா தட்டுகிறவர், தார் சுற்றுகிற அம்மா, வாசலில் வந்து ஸ்கோர் கேட்கிற பக்கத்து வீட்டுத் தாத்தா, எல்லாருக்கும் சேர்த்து ஒரே சந்தா என்பது டிவிக்குத்தான் பொருந்தும். செயலிகளை விற்பவர்கள் நெசவுத் தெருவைப் பார்த்ததே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

உரிமைகள் சிதறிக் கிடப்பது இன்னொரு தலைவலி. 2025 இங்கிலாந்துத் தொடர் டிவியில் சோனியில், போனில் ஜியோஹாட்ஸ்டாரில். ஓவல் டெஸ்டின் கடைசி நாள், ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, நம் நேரப்படி மூன்றரை மணிக்கு ஆட்டம். இங்கிலாந்துக்கு வேண்டியது 35 ரன், நமக்கு 4 விக்கெட். எனக்கு இரண்டாம் ஷிப்டு. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சந்தா கட்டிய மேட்ச் இரும்புப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிராஜ் கடைசி விக்கெட்டை எடுத்து ஆறு ரன்னில் ஜெயித்தது எனக்கு டீ பிரேக்கில் தெரிந்தது, வாட்ச்மேன் சொல்லி. அப்பாவோ தறியில் உட்கார்ந்தபடி ஒரு பந்து விடாமல் கேட்டிருந்தார். இரவு நான் வீட்டுக்குப் போனதும், சாப்பிட விடாமல், முதல் பந்திலிருந்து சொன்னார்.

இப்போது கேபிள் அண்ணன் பைபர் இழுக்கிறார். அதே கம்பம், அதே முருங்கை, ஒயர்தான் மெல்லிசு. டிவியும் இணையமும் செயலிச் சந்தாவும் ஒரே பில்லில் வரும் என்று போன மாதம் வந்து விளக்கினார். அவர் நிலைமையும் மாறிவிட்டது. டிஜிட்டல் வந்தபிறகு ஒவ்வொரு பாக்ஸுக்கும் அவரே முன்கூட்டிப் பணம் போட்டால்தான் படம் வரும். நாங்கள் கொடுக்காவிட்டால் அவர் கைக்காசு போகும். அந்த நீள நோட்டு இல்லை, போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மிதியிலிருந்து காலை எடுக்காமல், “மேட்ச் வருமா?” என்றார்.

“எல்லா மேட்சும் வரும் பெரியப்பா.”

“சேலை அறுத்ததும் வாங்கிக்கலாமா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். “தம்பிக்குத்தான் ஒண்ணாந்தேதி சம்பளம் வருதே” என்றார்.

இந்த மாதம் முதல் பில் என் பெயரில் வருகிறது.